நீள நோட்டில் ஒரு வரி

“சத்துணவு அக்கா இன்றைக்குச் சாம்பாரில் காரத்தைக் குறைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். மூன்றாம் வகுப்பில் நாலு பிள்ளைகளுக்கு வாய்ப்புண் என்றார். வகுப்பு டீச்சருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

காலிகோ அட்டை போட்ட ஒரு நீள நோட்டில், நீல மையில் எழுதிய வரிகள் இவை. எழுதியவர் ஊராட்சி ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியை. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரங்களில் 30 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொடக்கப் பள்ளியில் தொடங்கி, நடுநிலைப் பள்ளியில் முடித்தார். பிள்ளைகளுக்கு அவர் ‘பெரிய டீச்சர்’. தன் பெயரும், தான் வேலை பார்த்த பள்ளிகளின் பெயரும் எழுத்தில் வரக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அதனால் இந்தக் கட்டுரையிலும் அவர் பெரிய டீச்சர்தான்.

ஒரு பள்ளியில் பதிவேடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆசிரியர் வருகைப் பதிவேடு, மாணவர் சேர்க்கை நீக்கப் பதிவேடு, தளவாடப் பதிவேடு, சத்துணவு இருப்புப் பதிவேடு, பார்வையாளர் பதிவேடு என்று பீரோவில் அடுக்கு அடுக்காக இருக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரி ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிப் பார்ப்பார். இந்த நீள நோட்டை மட்டும் எந்த ஆய்விலும் யாரும் கேட்டதில்லை. அது யாருக்கும் காட்டுவதற்காக எழுதப்பட்டதும் இல்லை. பள்ளிக்குள் யார் என்ன நல்லது செய்தார்கள் என்று நாளுக்கு ஒரு வரி. அவ்வளவுதான் அதில் இருப்பது.

பெரிய டீச்சர் கடைசியாக வேலை பார்த்த பள்ளியின் திண்ணையில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். அதற்கு முன்னால் தனியாக ஒரு குன்று. திருவண்ணாமலை என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கிரிவலம் ஞாபகம் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றால் இந்தக் குன்றும் அதன் மேல் நிற்கும் சீனிவாசப் பெருமாளும்தான். தென்திருப்பதி என்றும் சொல்வார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் படி நெடுக ஜனம் ஏறும். அடிவாரத்தில் துளசியும் தேங்காயும் விற்கும் பெண்களில் சிலர் பெரிய டீச்சரின் பிள்ளைகளுக்கு அம்மா, பாட்டி. சனிக்கிழமை முழுக்க அவர்களோடு நின்று கூடை பார்த்துக்கொண்ட பிள்ளை, திங்கள்கிழமை முதல் பாடவேளையில் தலையைத் தொங்கப் போடும். அந்தப் பிள்ளையைத் தூங்குமூஞ்சி என்பதா, வீட்டுக்கு ஒத்தாசை செய்த பிள்ளை என்பதா? இரண்டில் எதைப் பார்க்கிறோம் என்பதில்தான் தன் வேலை இருந்தது என்கிறார்.

நோட்டு எப்படி வந்தது என்று கேட்டால் ஓர் ஆண்டு விழாவைச் சொல்கிறார். அப்போது அவர் வேறு ஒரு பள்ளியில் உதவி ஆசிரியை. பந்தல், மைக் செட், சீரியல் பல்பு எல்லாம் போட்டு விழா நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை. மேடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொண்டார்கள். ஆசிரியர்களுக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது. நன்றியுரை சொல்லும் பொறுப்பு இவருக்கு. பந்தல் போட்டவர் பெயரைக்கூட விடாமல் சீட்டில் எழுதி வைத்து வாசித்தார். கடைசியில் “மற்றும் அனைவருக்கும்” என்று முடித்தார்.

விழா முடிந்து பின்பக்கம் போனபோது, சத்துணவுக் கூடத்து வாசலில் சமையல்கார அம்மா உட்கார்ந்து கேசரி கிண்டிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஏழு மணிக்கு வந்தவர். அப்போது இரவு எட்டரை. இவரைப் பார்த்ததும், “நல்லாப் பேசுனீங்க டீச்சர்” என்றார்.

“அத்தனை பேரைச் சொன்ன நான், அந்த அம்மாவை ‘மற்றும் அனைவருக்கும்’ என்பதற்குள் போட்டுவிட்டேன். ஆனால் என்னைப் பாராட்டியது அவர்தான்” என்கிறார் பெரிய டீச்சர். மறுநாள் ராஜபாளையத்தில் பஸ் மாறும்போது ஸ்டேஷனரி கடையில் ஒரு நீள நோட்டு வாங்கினார்.

அவர் தனக்குத்தானே மூன்று விதி வைத்துக்கொண்டார். தானோ தன்னிடம் சொன்னவரோ கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். ‘சிறப்பு’, ‘அருமை’, ‘பாராட்டத்தக்கது’ போன்ற சொற்கள் கூடாது. என்ன நடந்தது என்று மட்டும் இருக்க வேண்டும். எழுதியதை அன்றைக்கே அந்த ஆளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். முதல் விதிக்காகத்தான் அவர் பள்ளியைச் சுற்றி நடக்கப் பழகினார். எழுத ஒன்றும் அகப்படாத நாளில், தான் நாற்காலியை விட்டு எழவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

வாய்ப்புண் சமாசாரத்தை எழுதிவிட்டு அந்த அக்காவிடம் வாசித்துக் காட்டியபோது அவர் சிரித்து மழுப்பினார். “என்னையப் போயா டீச்சர் நோட்டுல எழுதிருக்கீங்க?” என்று கேட்டார். பிறகு, எந்தெந்தப் பிள்ளை என்று நாலு பெயரையும் சொன்னார். அன்று மதியமே அந்த நாலு பேரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப முடிந்தது. பிள்ளை தட்டில் எதை ஒதுக்குகிறது, எது இரண்டாம் தடவை வருகிறது, எது முந்தின நாள் இரவு சாப்பிடவில்லை என்பதெல்லாம் கரண்டி பிடிப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லாததால், அந்த அறிவு அண்டாவோடு கழுவப்பட்டுப் போகிறது.

இந்த ஊர்கள் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் சோற்றையும் பள்ளியையும் பிரித்துப் பேச முடியாது. காமராசர் பிறந்த மண். 1903 ஜூலை 15இல் விருதுநகரில் பிறந்த அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை, ஊர் வணிகர்களின் மகமை நிதியையும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியையும் நம்பி நடந்த பள்ளி. படிப்பைப் பாதியில் விட்ட அந்தப் பையன் முதலமைச்சர் ஆனபோது, 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஊருக்கு ஊர் பெண்களுக்கு வேலை வந்தது. கணவனை இழந்தவர்களும் ஆதரவற்றவர்களும் நிறையப் பேர் அதில் சேர்ந்தார்கள். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இதற்குச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. முதல் மணி அடிப்பதற்கு முன்னால் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும் என்றால், சமைப்பவர் விடியுமுன் அடுப்பு பற்றவைக்க வேண்டும்.

காமராசர் பிறந்த நாளைத் தமிழ்நாடு 2006 முதல் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறது. பள்ளிகளில் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, இனிப்பு எல்லாம் உண்டு. பெரிய டீச்சர் பள்ளியில் அன்றைக்கு ஒரு வழக்கம் இருந்தது. காமராசர் படத்துக்கு மாலை போடுபவர் சத்துணவு அக்கா. மதிய உணவைக் கொண்டுவந்தவர் படத்துக்கு, அந்த உணவைச் சமைப்பவர் மாலை போடுவதைவிடப் பொருத்தம் வேறென்ன? முதல் வருஷம் அந்த அக்கா கூச்சப்பட்டு வர மறுத்தார். மறு வருஷம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார்.

பள்ளியைப் பாராட்ட ஊர் கண்டுபிடித்த வழிகளில் மிகப் பெரியது பள்ளிச் சீரமைப்பு மாநாடு. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தியது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. பள்ளிக்கு என்ன இல்லை என்று ஆசிரியர்கள் பட்டியல் எழுதுவார்கள். ஊர்க்காரர்கள் மேடையேறி, இது என் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்வார்கள். ஒருவர் நிலம், ஒருவர் கரும்பலகை, ஒருவர் பெஞ்சு, ஒருவர் கடிகாரம். இருப்பவர் அறை கட்டிக் கொடுத்தார். இல்லாதவர் தண்ணீர்ப் பானை வாங்கி வைத்தார். இன்றைக்கு அதன் வாரிசு என்று சொல்லத்தக்கது கல்விச் சீர். கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோவது போலவே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, மேளத்தோடு தெருத் தெருவாக வந்து, மின்விசிறி, நாற்காலி, எவர்சில்வர் தட்டு என்று பள்ளியில் இறக்குவார்கள்.

பெரிய டீச்சர் பள்ளிக்கும் அப்படி ஒரு சீர் வந்தது. மில்லில் இரவு ஷிப்ட் முடித்த அப்பாக்கள் தூங்காமல் அப்படியே வந்தார்கள். சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவத் துணித் தறிக்குப் போகும் அம்மாக்கள் அரை நாள் கூலியை விட்டு வந்தார்கள். மாம்பழக் காலம் என்பதால் ஒரு தாத்தா ஒரு கூடைச் சப்பட்டை மாம்பழத்தைச் சீர் வரிசையில் வைத்தார். தளவாடப் பதிவேட்டில் மின்விசிறி ஏறியது, தட்டு ஏறியது. மாம்பழத்தை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது? அது நீள நோட்டில் ஏறியது.

ஆசிரியர்களைப் பாராட்ட அரசாங்கம் வைத்திருக்கும் நாள் செப்டம்பர் 5. இராதாகிருஷ்ணன் பிறந்த நாள். மத்திய அரசின் தேசிய நல்லாசிரியர் விருது 1958 முதல் இருக்கிறது. மாநில அரசின் நல்லாசிரியர் விருது இப்போது டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரில் கொடுக்கப்படுகிறது. 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ். உலக ஆசிரியர் நாள் அக்டோபர் 5. ஆசிரியர்களின் நிலை குறித்து 1966இல் யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையின் நினைவாக 1994 முதல் நடக்கிறது. தென்கொரியாவில் மே 15. கொரிய எழுத்தை உருவாக்கித் தந்த செஜோங் அரசர் பிறந்த நாளையே அவர்கள் ஆசிரியர் நாளாக வைத்திருக்கிறார்கள்.

விருதுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஒரு வருஷம் சக ஆசிரியர்கள் பெரிய டீச்சரை வற்புறுத்தினார்கள். அவரும் உட்கார்ந்தார். தேர்ச்சி விழுக்காடு, சேர்க்கை விவரம், செய்த சமூகப் பணி, பத்திரிகைச் செய்தி நறுக்கு, புகைப்படம், ஒவ்வொன்றுக்கும் சான்று. கோப்பு தடித்துக்கொண்டே போனது. மரம் நட்டது உண்டு, படம் இல்லை. பள்ளியை விட்டு நின்ற ஒரு பெண்ணின் வீட்டுக்குப் பதினாறு தடவை நடந்தது உண்டு, சான்று இல்லை. அன்று மாலை கோப்பைக் கட்டி வைத்துவிட்டார். விருது பெற்றவர்களைப் பற்றி அவர் ஒரு சொல்லும் குறைத்துச் சொல்வதில்லை. உழைத்துத்தான் பெற்றார்கள் என்கிறார். அவருடைய வருத்தம் வேறு. “ஒரு வாத்தியார் தன்னைத்தானே பாராட்டி நூறு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்தவர் ஒருத்தர் எழுத வேண்டியது அது.”

அதற்குப் பிறகு, தன் பள்ளி ஆசிரியர்களுக்காக அவரே எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு செப்டம்பர் 5ஆம் தேதியும் ஆளுக்கு ஒரு கடிதம். வாழ்த்து அட்டை வாசகம் எதுவும் இருக்காது. நோட்டைப் புரட்டி, அந்த ஒரு வருஷத்தில் அந்த ஆசிரியர் செய்ததாகப் பதிவான வரிகளைத் தேதியோடு எடுத்து எழுதுவார். ‘ண’வும் ‘ன’வும் குழம்பிய பிள்ளைகளை மெதுவாகச் சொல்லச் சொல்லி, நாக்கு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வைத்த இரண்டாம் வகுப்பு ஆசிரியை. கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்ததும் யாரிடமும் சொல்லாமல், பெரிய பெண்பிள்ளைகள் சங்கடப்படக் கூடாதென்று அன்றைக்கே சொந்தக் காசில் மாட்டிய அறிவியல் ஆசிரியர். அந்தத் தாழ்ப்பாளை அவர் மாட்டியதைப் பார்த்தவர் தூய்மைப் பணியாளர். சொன்னவரும் அவர்தான். கடிதத்தில் அந்த அம்மாவின் பெயரும் இருந்தது.

நடுநிலைப் பள்ளிக்கு வந்தபோது அவர் பகுதிநேர ஆசிரியர்களைச் சந்தித்தார். ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்காக 2012இல் தமிழ்நாடு முழுக்க 16,549 பேரை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். அப்போது மே மாதம் சம்பளம் கிடையாது. பின்னாளில் தொகை கூடியது. நிரந்தரம் வேண்டும் என்ற கோரிக்கை நின்றபாடில்லை. இவர் பள்ளிக்கு வந்த ஓவிய ஆசிரியர் அரை நாளில் வேலை முடிந்தும் போக மாட்டார். கலைத் திருவிழா நெருங்கினால் பிள்ளைகளோடு சாயங்காலம் வரை தரையில் உட்கார்ந்திருப்பார். நோட்டில் அவரைப் பற்றி நிறைய வரிகள் உண்டு.

ஒருநாள் அந்த வரிகளை வாசித்துக் காட்டியபோது அவர் கேட்டுவிட்டு, “சந்தோஷமா இருக்கு டீச்சர். மே மாசம் என்ன செய்யிறதுன்னுதான் தெரியல” என்றார். பெரிய டீச்சருக்கு அது சுருக்கென்று பட்டது. பாராட்டு சம்பளத்துக்கு ஈடாகாது. ஒருவர் உரிமையைக் கேட்கும்போது அவர் வாயை அடைக்கப் பாராட்டைக் கொடுக்கவே கூடாது. இதை அவர் நோட்டின் உள்ளட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார். பணி நிரந்தரம் கேட்டு அந்த ஆசிரியர்கள் கொடுத்த மனுவில் கையெழுத்துப் போடத் தலைமையாசிரியருக்கு இடமில்லை. ஆனால், அந்தப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் செய்த வேலைகளைத் தேதிவாரியாகத் தட்டச்சு செய்து, பள்ளி முத்திரையோடு கொடுத்தார். நோட்டு இல்லாவிட்டால் அதை எழுதியிருக்க முடியாது.

பிள்ளைகளைப் பாராட்டுவதில் அவர் ஒரு பெரிய தவறு செய்தார். அதையும் மறைக்காமல் சொல்கிறார். ஒரு நாள்கூட விடாமல் வந்த பிள்ளைகளுக்கு வருஷக் கடைசியில் பரிசு கொடுக்கும் வழக்கத்தை அவரே கொண்டுவந்தார். ஜாமெட்ரி பாக்ஸ், பேனா, கைதட்டல். மூன்று வருஷம் நடந்தது. நான்காம் வருஷம் பரிசுப் பட்டியல் எழுதும்போது, ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், எங்க வீட்டுல நான்தான் பெரிய பிள்ளை. அம்மா பருத்தி எடுக்கப் போனா தம்பியப் பாத்துக்கணும். நான் எப்பவுமே பிரைஸ் வாங்க முடியாதா?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளக் கேட்டாள். பெரிய டீச்சர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். பரிசு வாங்கிய பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோருமே வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்த பிள்ளைகள். விடாமல் வந்ததற்கான பெருமையில் பாதி அவர்கள் பாட்டிக்குச் சேர வேண்டியது. அந்த வருஷம் முதல் பரிசு மாறியது. பல நாள் நின்றுபோய்த் திரும்ப வந்த பிள்ளைகள், விட்ட பாடத்தைக் கேட்டு எழுதிக்கொண்ட பிள்ளைகள், அவர்களுக்கு நோட்டைக் கொடுத்து உதவிய பிள்ளைகள். பெயரை வாசிக்கும்போது காரணத்தையும் சேர்த்து வாசித்தார்கள். அந்தப் பெண்ணின் பெயரும் வந்தது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து வாங்கிக்கொண்டாள்.

பாராட்டிலும் தரம் உண்டு என்பதற்கு ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. ஆசிரியர்களுக்கான குறுவள மையப் பயிற்சி ஒன்றில் அதைக் கேட்டதாகப் பெரிய டீச்சர் சொல்கிறார். கிளாடியா மியூல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். போட்டு முடித்ததும் சிலரிடம் நீ கெட்டிக்காரி என்றார்கள். சிலரிடம் நன்றாக உழைத்திருக்கிறாய் என்றார்கள். அதற்குப் பிறகு என்ன வேண்டும் என்று கேட்டபோது, கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவர்களில் அதிகம் பேர் சுலபமானதையே கேட்டார்கள். உழைப்புக்காகப் பாராட்டு வாங்கியவர்கள், கற்றுக்கொள்ள இடமுள்ள கடினமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். நடுவில் ஒரு கடினமான சுற்றில் எல்லோரும் தடுமாறிய பிறகு, முதல் கூட்டத்தின் மதிப்பெண் சரிந்தது; தாங்கள் வாங்கிய மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம். ‘வெரி குட்’ என்று சிவப்பு மையில் போடுவதை அன்றோடு நிறுத்தினார் பெரிய டீச்சர். அதற்குப் பதிலாக, “மூன்றாவது கணக்கில் கடன் வாங்கிக் கழித்ததில் இருந்த பிழையை நீயே கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறாய்” என்று எழுதினார். பிள்ளைகள் அந்த வரியை வீட்டில் வாசித்துக் காட்டினார்கள். படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கும் தங்கள் பிள்ளை என்ன செய்தது என்று தெரிந்தது.

மாவட்ட அளவில் பார்த்தால் விருதுநகருக்குப் பெருமை குறைவில்லை. பிளஸ் டூ தேர்ச்சியில் 2018இல் 97.05 விழுக்காட்டோடும், 2023இல் 97.85 விழுக்காட்டோடும் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம். இதே மாவட்டத்தில்தான் பட்டாசு, தீப்பெட்டி வேலையில் பிள்ளைகளின் விரல்கள் தேய்ந்தன. குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்கான தேசியத் திட்டம் 1988இல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. அங்கிருந்து இந்த விழுக்காட்டுக்கு வந்த தொலைவை மாவட்டத்தின் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் நாளில் யாரும் ஒன்றாம் வகுப்பு டீச்சரைத் தேடி வருவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ‘அ’ போடக் கையைப் பிடித்தவர் அவர்தான்.

ஆட்சியராக இருந்த வீ.ப. ஜெயசீலன் காலத்தில் ‘காபி வித் கலெக்டர்’ என்ற நிகழ்ச்சி இந்த மாவட்டத்தில் பெயர் பெற்றது. மாணவர்களைக் குழுக் குழுவாக ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைத்து, எதிரே உட்காரவைத்து, காபி கொடுத்துப் பேசுவார். நூறு சந்திப்புகளைத் தாண்டியும் நடந்தது. கேடயம் வாங்கி அலமாரியில் வைப்பதைவிட அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குப் பெரிதாக இருந்தது. காரணம் எளிது. ஒரு பெரியவர் எதிரே உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டார்.

கடைசி ஆண்டுகளில் பெரிய டீச்சர் மேசைக்கு ஒரு புதுக் கூட்டம் வந்தது. பழைய மாணவிகள். 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். 2020 முதல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. இரண்டுக்கும், இந்தப் பள்ளியில்தான் படித்தார் என்று சான்று வேண்டும். சேர்க்கை நீக்கப் பதிவேட்டைப் புரட்டி, பெயரைத் தேடி, எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். அரசுப் பள்ளியில் படித்ததை ஒளித்துப் பேசிய காலத்தை அவர் பார்த்திருக்கிறார். இப்போது அதுவே ஒரு தகுதியாகச் சான்றிதழில் ஏறுகிறது. ஒருநாள் வந்த கல்லூரிப் பெண்ணின் பெயரைப் பதிவேட்டில் தேடும்போது, கை நின்றுவிட்டது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பரிசு வாங்கிய பெண். ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்பு முதல் இந்த நடுநிலைப் பள்ளியில்தான் படித்திருக்கிறாள்; பெரிய டீச்சர் மாறுதலாகி வருவதற்கு முன்பே முடித்துப் போய்விட்டாள். சான்றை வாங்கிக்கொண்டு, “தம்பி இப்ப ஸ்கூலுக்குப் போறான், டீச்சர்” என்றாள்.

ஓய்வு பெற்ற நாளில் மாலையும் பொன்னாடையும் வேண்டாம் என்று முன்னமே சொல்லிவிட்டார் பெரிய டீச்சர். வந்தவர்களை வட்டமாக உட்காரவைத்து, நோட்டிலிருந்து முக்கால் மணி நேரம் வாசித்தார். சத்துணவு அக்கா, காலை உணவு சமைக்கும் குழுப் பெண்கள், தூய்மைப் பணியாளர், இரவில் தானாகவே வந்து கேட்டைப் பார்த்துவிட்டுப் போகும் எதிர்வீட்டுத் தாத்தா, ஆசிரியர்கள், பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. நன்றியுரையில் ‘மற்றும் அனைவருக்கும்’ வரவில்லை. நோட்டைப் பள்ளி பீரோவிலேயே விட்டுவிட்டு வந்தார்.

உங்கள் தெருவிலோ பக்கத்து ஊரிலோ ஓர் அரசுப் பள்ளி இருக்கும். பெற்றோர் உறுப்பினராக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று அங்கே கூடும். பழைய மாணவர்களுக்கும் இப்போது அதில் இடம் உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். காலையில் அடுப்பு பற்றவைப்பவர் பெயர் என்ன, கழிப்பறை கழுவுபவர் பெயர் என்ன, ஒன்றாம் வகுப்பு எடுப்பவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் செய்ததில் உங்கள் கண்ணில் பட்ட ஒன்றைப் பெயர் சொல்லி, எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். கூட்டக் குறிப்பில் அதை எழுதச் சொல்லுங்கள். ஜூலை 15ஆம் தேதிக்கோ செப்டம்பர் 5ஆம் தேதிக்கோ காத்திருக்க வேண்டாம்.